நடுவானில் மோதிய விமானங்கள்: இரு உயிர்களைக் காத்த பட்டுக் குடை

தரையிலிருந்து சுமார் 5,000 அடி உயரம். கீழே பஞ்சுப் பொதியை அவிழ்த்துக் கொட்டியதுபோல் மேகக் கூட்டம். அதற்குச் சில நூறு அடி மேலே ஒன்பது சிறிய விமானங்கள் அணி வகுத்துப் பறக்கின்றன. அவற்றின் இலக்கு, தனியாகச் செல்லும் ஒரு பெரிய விமானம். "எதிரி" அதுதான். உண்மையான எதிரியல்ல, பயிற்சிக்காக எதிரி வேடம் போட்ட விமானம்.

சைகை கிடைத்ததும் சிறிய விமானங்கள் பருந்துபோல் பாய்கின்றன. ஒன்று இடப்புறமிருந்து, இன்னொன்று வலப்புறமிருந்து. அடுத்த சில விநாடிகளில் ஒரு சிறு அதிர்ச்சி. தொடர்ந்து "மடார்" என்ற பெரும் சத்தம். இரண்டு விமானங்கள் ஒன்றோடொன்று மோதிச் சிக்கிக்கொண்டன!

இது நடந்தது 1925ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் வாரத்தில். இடம், அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகரையொட்டிய கெல்லி ஃபீல்டு ராணுவ விமானப் பயிற்சி நிலையம். மோதிய விமானங்களில் ஒன்றில் இருந்தவர் லெப்டினன்ட் மக்அலிஸ்டர். மற்றொன்றில் 23 வயதுப் பயிற்சி மாணவர் ஒருவர். நெட்டையான, ஒல்லியான அந்த இளைஞர் பயிற்சி முடித்துப் பட்டம் பெற இன்னும் எட்டே நாட்கள் இருந்தன.

அவர் பெயர் சார்லஸ் லிண்ட்பெர்க். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1927 மே மாதம், நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை அட்லாண்டிக் கடலைத் தன்னந்தனியாக, எங்கும் இறங்காமல் பறந்து கடந்து உலகப் புகழ் பெற்றவர் அவரே. அந்தப் புகழைப் பற்றிப் பல புத்தகங்கள் வந்துவிட்டன. அன்று கெல்லி ஃபீல்டு வானத்தில் அவர் செத்திருந்தால் அந்தக் கதையே இல்லை. ஏன் சாகவில்லை என்பதுதான் இங்கே நாம் பார்க்கப் போவது.

104 பேரில் 18 பேர்

லிண்ட்பெர்க் பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கு விமானி அல்ல. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஊர் ஊராகப் பழைய விமானத்தை ஓட்டிச் சென்று, வயல்வெளியில் இறங்கி, காசு வாங்கிக்கொண்டு கிராமத்து மக்களை ஏற்றி ஒரு சுற்றுக் காட்டும் பிழைப்பு நடத்தியவர். இறக்கை மேல் ஏறி நின்று வேடிக்கை காட்டியதும் உண்டு. நல்ல விமானங்களை ஓட்ட வேண்டுமானால் ராணுவத்தில் சேர்ந்தால்தான் முடியும் என்று தெரிந்து, 1924 மார்ச் மாதம் பயிற்சி மாணவராகச் சேர்ந்தார்.

அவரோடு சேர்ந்தவர்கள் 104 பேர். ஓராண்டு முடிவில் மிஞ்சியவர்கள் 18 பேர்தான். பறப்பதில் தவறு செய்தவர்களும் வீட்டுக்குப் போனார்கள். பரீட்சையில் மதிப்பெண் குறைந்தவர்களும் போனார்கள். பள்ளியில் சுமாராகப் படித்த லிண்ட்பெர்க், இங்கே இரவு விளக்கணைந்த பிறகும் புத்தகத்தோடு கிடந்தாராம்.

அவர்கள் ஓட்டிய சிறிய விமானத்தின் பெயர் எஸ்.இ.5. முதல் உலகப் போரில் பிரிட்டிஷார் பயன்படுத்திய ஒற்றை ஆசனச் சண்டை விமானம் இது. போர் முடிந்த பின் அமெரிக்காவில் மேல்நிலைப் பயிற்சிக்கு வந்தது. மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கைகள். மரச் சட்டம், அதன் மேல் இழுத்துக் கட்டிய துணி, இறக்கைகளைப் பிணைக்கும் கம்பிகள். விமானி உட்காரும் குழிக்கு மேலே கூரை கிடையாது. இத்தகைய இரண்டு கூடுகள் மோதினால் என்ன மிஞ்சும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தலையில் இடித்த இறக்கை

மோதிய வேகத்தில் லிண்ட்பெர்க்கின் தலை முன் விளிம்பில் இடித்தது. விமானம் ஒரு சுழற்சி சுழன்று, ஒரு கணம் அப்படியே ஆகாயத்தில் தொங்குவதுபோல் நின்றது. அவர் முதலில் இன்ஜினைத் தணித்தார். திரும்பிப் பார்த்தால், சில அடி தூரத்தில் இடப்பக்கம் மக்அலிஸ்டரின் விமானம். இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் பின்னிக் கிடந்தன. மக்அலிஸ்டர் காயமின்றி, குதிப்பதற்குத் தயாராகிக் கொண்டிருந்தார்.

சிக்கிய விமானங்கள் சுழலத் தொடங்கின. கம்பிகள் ஊளையிட்டன. உடைந்து மடங்கிய வலது இறக்கை மேலும் கீழுமாக ஆடி, ஒவ்வொரு முறை இறங்கும்போதும் லிண்ட்பெர்க்கின் தலையில் அடித்தது. அவர் இடுப்புப் பட்டையைக் கழற்றினார். உடைந்த இறக்கையைத் தாண்டி வெளியே ஏறினார். அதற்குள் விமானம் ஏறக்குறைய செங்குத்தாகிவிட்டது. அதன் பக்கவாட்டில் கால் ஊன்றி, முடிந்த மட்டும் தூரமாகப் பின்பக்கமாகக் குதித்தார்.

உடலோடு கட்டியிருந்த பாரசூட்டின் வளையம் கைக்கு உடனே அகப்பட்டது. ஆனால் அவர் அதை இழுக்கவில்லை!

காரணம் உண்டு. உடைந்த விமானங்களும் அவருக்குப் பக்கத்திலேயே, அவரோடு சேர்ந்து விழுந்துகொண்டிருந்தன. அப்போது குடையை விரித்தால் அவர் வேகம் குறையும். விமானக் குப்பை அவர் மேலேயோ குடை மேலேயோ விழும். ஆகவே கல் விழுவதுபோல் பல நூறு அடி விழுந்து, மேகத்துக்குள் போன பிறகே வளையத்தை இழுத்தார். பட்டுக் குடை படக்கென்று விரிந்தது. அண்ணாந்து பார்த்தார், மேலே மக்அலிஸ்டரும் குடையில் மிதந்து வந்துகொண்டிருந்தார்.

விமானங்கள் அவருக்குச் சுமார் 100 கஜம் தள்ளி, பின்னிய நிலையிலேயே சுழன்று சென்று, கீழே முள் காட்டில் விழுந்து சில விநாடிகளில் தீப்பற்றி எரிந்தன. அந்த முள் மரத்துக்கு அங்கே மெஸ்கீட் என்று பெயர். திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேலம் என்று நாம் சபித்துக்கொண்டே வெட்டுகிறோமே, அதே இனம்தான். அந்த முள்ளில் விழாமல், குடையின் கயிறுகளை ஒரு பக்கமாக இழுத்து இழுத்து, உழுத வயல் ஒன்றின் ஓரத்தில் இறங்கினார் லிண்ட்பெர்க். நிற்க முடியாமல் விழுந்தார். ஆனால் அடி எதுவும் இல்லை.

பிறகு மேலதிகாரிகளுக்கு அவர் விபத்து அறிக்கை எழுதிக் கொடுத்தார். வீரதீர வசனம் ஒன்றுமில்லாத, கணக்குப் பிள்ளை எழுதியது போன்ற அறிக்கை அது. இறங்கும்போது காணாமல் போன பொருட்களைக்கூட மறக்காமல் குறிப்பிட்டிருந்தார்: மூக்குக் கண்ணாடி போன்ற காற்றுக் கண்ணாடி, சட்டைப் பை அளவுள்ள சிறிய கேமரா, பாரசூட்டின் இழுப்புக் கயிறு.

இருவரும் அன்றே மீண்டும் விமானம் ஏறினார்கள். சில நாட்களில் லிண்ட்பெர்க் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினார்.

நம் ரயில் பாதையில் ஒரு கதை

இதே மோதல் ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்திருந்தால்? இருவரும் இறந்திருப்பார்கள். ஏனென்றால் 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் பிரிட்டிஷ், பிரெஞ்சு, அமெரிக்க விமானிகளுக்குப் பாரசூட் தரப்படவில்லை.

பாரசூட் அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை என்பதல்ல. கயிற்றில் கட்டிய பலூனில் ஏறிநின்று எதிரிப் படையை வேவு பார்த்தவர்களுக்கு அது தரப்பட்டிருந்தது. விமானத்தில் பறந்தவனுக்குத்தான் இல்லை. பெட்ரோல் டாங்க் தீப்பிடித்தால் எரிந்து சாவதா, குதித்துச் சாவதா என்பது ஒன்றே அவனுக்கு இருந்த வழி.

இந்த இடத்தில் மும்பைத் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த ஓர் ஊர் கதைக்குள் வருகிறது. ஊருக்குப் போகும்போது ரயில் புனே, தவுண்டு தாண்டி, சோலாப்பூர் வருவதற்கு முன் குர்துவாடி ஜங்ஷனைக் கடக்கும். அங்கிருந்து பார்சிக்கு 1897இல் ஒரு குட்டி ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளங்களின் இடைவெளி இரண்டரை அடிதான். பின்னர் அது பண்டரிபுரம், லாத்தூர், மிரஜ் வரை நீண்டது. இன்று அகலப் பாதையாகிவிட்டது. அந்தப் பார்சி லைட் ரயில்வேயைத் திட்டமிட்டுக் கட்டிய ஆங்கில இன்ஜினீயர் எவரார்டு கால்த்ராப்.

ரயில்வே இன்ஜினீயருக்கும் பாரசூட்டுக்கும் என்ன சம்பந்தம்? கால்த்ராப்பின் நண்பர் சார்லஸ் ரோல்ஸ். ரோல்ஸ்-ராய்ஸ் கார் கம்பெனியின் பெயரில் பாதி இவருடையதுதான். 1910 ஜூலை 12ஆம் தேதி இங்கிலாந்தில் நடந்த விமானக் கண்காட்சியில் இவரது விமானம் உடைந்து விழுந்து இவர் இறந்தார். நண்பரைப் பறிகொடுத்த கால்த்ராப், விமானிகளைக் காப்பாற்ற ஒரு பாரசூட் செய்வதில் முனைந்தார். அதற்குக் "காவல் தேவதை" என்று பொருள்படும் பெயரிட்டார்.

போர் நடக்கும்போதே அதை ராணுவத்துக்குத் தர முன்வந்தார். சோதனைகளும் நடந்தன. 1917இல் ஒரு ராணுவ அதிகாரி, லண்டன் டவர் பாலத்தின் மேலிருந்து தேம்ஸ் நதியில் அந்தக் குடையோடு குதித்தே காட்டினார். எதிரி நாட்டுக்குள் ஒற்றர்களை இறக்க அதைப் பயன்படுத்தவும் செய்தார்கள். ஆனால் சாதாரண விமானிக்குக் கொடுக்கவில்லை. எடை அதிகம், இடம் அடைக்கும் என்பது சொல்லப்பட்ட காரணங்கள். அவற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மேலிடத்தில் இன்னொரு எண்ணமும் இருந்தது: குடை கையில் இருந்தால் விமானி சிறிய ஆபத்துக்கெல்லாம் விமானத்தை விட்டுக் குதித்துவிடுவான், சண்டை போடமாட்டான்!

விமானத்தின் விலை அவர்களுக்குத் தெரிந்தது. ஒரு விமானியைப் பழக்க எத்தனை மாதம் ஆகும் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. அவன் வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்பதையும்தான். ஜெர்மானியர் 1918இல் தங்கள் விமானிகளுக்குப் பாரசூட் கொடுத்தார்கள். எர்ன்ஸ்ட் ஊடெட் என்ற பேர்பெற்ற ஜெர்மன் விமானி அந்த ஆண்டே அதனால் உயிர் பிழைத்தார். அதனால் அவர் கோழையாகிவிடவில்லை. திரும்பவும் போய்ச் சண்டை போட்டார்.

உடைந்தது கணுக்கால் மட்டும்

கால்த்ராப்பின் குடையில் ஒரு குறை உண்டு. அது விமானத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். ஆள் குதித்ததும் அவன் எடையே குடையை இழுத்து விரித்துவிடும். விமானம் நேராகப் பறந்தால் சரி. அது சுழன்று விழுந்தால் கயிறு சிக்கும், குடை கிழியும்.

விமானத்தோடு எந்தப் பிணைப்பும் இல்லாமல், விழுகிற ஆளே தன் கையால் வளையத்தை இழுத்து விரிக்கும் குடை வேண்டும் என்று அமெரிக்காவில் சிலர் முயன்றார்கள். அப்படி விழுகிறவன் நினைவிழந்துவிடுவான், கையை அசைக்கவே முடியாது என்று பலர் நம்பிய காலம். 1919 ஏப்ரல் 28ஆம் தேதி ஒஹையோ மாநிலம் டேட்டன் நகரில் லெஸ்லி இர்வின் என்ற சாகசக்காரர் விமானத்திலிருந்து குதித்து, தன் கையாலேயே இழுத்து விரித்துக் காட்டினார். தரை இறங்கும்போது கணுக்கால் உடைந்தது. ஆனால் பழைய நம்பிக்கையும் அதோடு உடைந்தது.

இர்வின் பாரசூட் கம்பெனி தொடங்கியபோது, டைப் அடித்தவர் தவறுதலாகக் கம்பெனியின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி "இர்விங்" என்று அடித்துவிட்டாராம். திருத்தச் செலவாகும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள் என்று சொல்வார்கள். அலுவலகத்தில் வேலை பார்க்கும் நம்மவர்கள் இதைப் படித்துச் சற்று ஆறுதல் கொள்ளலாம்!

1922 அக்டோபர் 20ஆம் தேதி அதே டேட்டனில், ஹாரிஸ் என்ற ராணுவ லெப்டினன்ட் ஓட்டிய சோதனை விமானம் நடுவானில் சிதறத் தொடங்கியது. அவர் குதித்து, ஒரு வீட்டுக் கொல்லையில் திராட்சைப் பந்தல் மேல் வந்து இறங்கினார். இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் பின் அமெரிக்க ராணுவத்தில் பாரசூட் அணியாமல் பறக்கக் கூடாது என்பது விதியாயிற்று. பிரிட்டிஷ் விமானப் படையும் 1920களின் நடுவில் இர்வின் முறைக் குடையையே ஏற்றுக்கொண்டது. கால்த்ராப் 1927இல் காலமானார்.

இப்போது லிண்ட்பெர்க்கின் விபத்தை மீண்டும் நினைத்துப் பாருங்கள். குதித்த உடனே அவர் வளையத்தை இழுக்கவில்லை. பல நூறு அடி காத்திருந்தார். அப்படிக் காத்திருக்க முடிந்தது, புது முறைக் குடை என்பதால்தான். பழைய முறையாக இருந்தால் குதித்த மறுகணமே அது சுழலும் சிதைவுகளுக்குப் பக்கத்திலேயே விரிந்திருக்கும். ஆக, அன்று அவரைக் காத்தது துணிச்சல் மட்டுமல்ல. ஒருவர் கணுக்காலை உடைத்துக்கொண்டு நிரூபித்த கருவி, அதை ஒருவரும் விடாமல் அணிய வேண்டும் என்ற உத்தரவு, எட்டே நாட்கள்தானே என்று அலட்சியம் செய்யாமல் அதை மாட்டிக்கொண்ட பழக்கம். இந்த மூன்றும் சேர்ந்துதான்.

பட்டுப்புழு சங்கம்

அந்தக் காலப் பாரசூட் பட்டுத் துணியால் ஆனது. ஆகவே, விபத்தில் பாரசூட்டால் உயிர் பிழைத்தவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் உண்டானபோது அதற்கு வைத்த பெயர், புழுவைக் குறிப்பது: "கேட்டர்பில்லர் கிளப்". பட்டுப்புழு சங்கம் என்று நாம் சொல்லலாம். பணம் கட்டியோ, சிபாரிசு பிடித்தோ இதில் சேர முடியாது. செத்துப் பிழைத்தால்தான் உறுப்பினர். இர்வின் கம்பெனி அவர்களுக்குச் சிறிய தங்கப் புழுச் சின்னம் ஒன்றைப் பரிசளித்து வந்தது.

லிண்ட்பெர்க் இந்தத் தகுதியை ஒன்றல்ல, நான்கு முறை பெற்றார்! 1925 ஜூன் மாதம் புது விமானம் ஒன்றைச் சோதித்தபோது இரண்டாம் முறை. 1926இல் செயின்ட் லூயிஸ் - சிகாகோ மார்க்கத்தில் தபால் விமானம் ஓட்டியபோது, இரவில் மூடுபனியில் வழி தெரியாமல், எரிபொருள் தீர்ந்து, செப்டம்பரில் ஒரு முறை, நவம்பரில் ஒரு முறை.

ஆனால் பாரிஸ் பயணத்துக்கு அவர் பாரசூட்டை எடுத்துச் செல்லவில்லை. அதை விட்டுச் சென்றால் சுமார் ஒன்பது கிலோ எடை மிச்சம். அந்த எடைக்குப் பெட்ரோல் ஏற்றலாம். நடுக்கடலில் குதித்து என்ன பயன்? அதற்குப் பதில் காற்றடைக்கும் ரப்பர் படகு ஒன்றை வைத்துக்கொண்டார். நான்கு முறை குடையால் பிழைத்தவர் அதை விட்டுச் சென்றது வீம்பினால் அல்ல. எந்த ஆபத்துக்கு எந்தக் கருவி என்று கணக்குப் போட்டுச் செய்த முடிவு அது.

மடித்து வைத்த கை

குடை தானாக விரிவதில்லை. யாரோ ஒருவர் அதைப் பிரித்து, ஈரம் போக உலர்த்தி, கிழிசல் பார்த்து, கயிறுகள் சிக்காமல் அடுக்கி, மடிப்பு மடிப்பாக வைத்துக் கட்டியிருக்க வேண்டும். பாரசூட் மடிப்பது விமானப் படைகளில் ஒரு தனித் தொழில். நூறு முறை மடித்தாலும் ஒரு முறைகூட விரிக்க நேராமல் போகலாம். ஆனால் நூற்றோராவது முறை தேவைப்படும்போது முதல் மடிப்பைப்போல் அது சரியாக இருக்க வேண்டும். 1925இல் லிண்ட்பெர்க்குக்கும் மக்அலிஸ்டருக்கும் குடை மடித்துக் கொடுத்தவர்கள் யார் என்று எந்தப் புத்தகமும் சொல்வதில்லை. அவர்கள் வேலை அன்று சரியாக இருந்தது; இருவர் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

மும்பையில் பல மாடிக் கட்டடங்களின் சாரத்தில் நிற்கும் நம் பிள்ளைகளைத் தினம் பார்க்கிறோம். இடுப்பில் பெல்ட் கட்டியிருக்கும். அதன் கொக்கி எதிலும் மாட்டாமல் தொங்கும். கேட்டால், "பத்து நிமிஷ வேலைதான் அண்ணாச்சி" என்பார்கள். "பெல்ட் போட்டால் வேலை ஓடாது" என்று சொல்லும் மேஸ்திரியும் உண்டு. "அதெல்லாம் பயந்தவனுக்கு" என்று சிரிக்கும் கூட்டாளியும் உண்டு. குடை கொடுத்தால் விமானி சண்டை போடமாட்டான் என்று நூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னவர்களின் பேச்சும் இதுவும் ஒன்றேதான்.

பாரசூட் கட்டிக்கொண்டு பறந்த அந்த இளைஞரைக் கோழை என்று உலகத்தில் ஒருவரும் சொல்லவில்லை. பட்டம் வாங்க எட்டு நாள் இருக்கும்போது, எத்தனையோ முறை செய்து பழகிய ஒரு பயிற்சியில்தான் அவருக்கு ஆபத்து வந்தது. அன்று அவர் தொலைத்தது ஒரு கண்ணாடி, ஒரு கேமரா, ஒரு கயிறு. அதோடு போயிற்று.

நாளைக் காலை சாரத்தில் ஏறும் தம்பி, கொக்கியை மாட்டிவிட்டு ஏறட்டும். ஊரிலிருந்து வரும் போனை எடுக்க ஆள் வேண்டும்.